சத்தம் வராத வெடிப்பு

செவ்வாய், இரவு

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், அண்ணனிடம் மட்டும் காட்டாதீர்கள்.

பட்டாசு கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் அம்மா தன் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் அதில் விண்கல விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தேன். அதில் வரும் சின்னச் சின்ன விஷயங்கள்தான் எனக்குப் பிடிக்கும். ஆபத்து வந்தால் விமானியின் மூச்சு தலைக்கவசக் கண்ணாடியில் ஆவியாகப் படியும். வெளியே எது வெடித்தாலும் வெளிச்சம் மட்டும்தான் தெரியும், சத்தம் வராது. அங்கே காற்று இல்லையே.

நாலரை மணிக்கு 'டம்' என்று கேட்டது. விளையாட்டில்தான் என்று நினைத்து நிமிரவே இல்லை. கொஞ்ச நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. கலத்தைத் தரையிறக்கும் நேரம் என்பதால் கட் செய்துவிட்டேன். இறக்கி முடித்த பிறகுதான் உறைத்தது, இந்த விளையாட்டில் வெடிச்சத்தமே கிடையாது.

வெளியே ஓடினேன். அம்மாவின் கம்பெனி இருக்கும் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் புகை. அந்த நம்பருக்குத் திரும்ப அடித்தேன். யாரும் எடுக்கவில்லை.

அண்ணன் ஓடிவந்தான். "ஏ பிள்ள, அம்மா போனுக்கு யாரும் கூப்பிட்டாகளா?"

"இல்லண்ணே."

"அழுவாத. கம்பெனி வேன் வர லேட்டாகும், அம்புட்டுத்தான்." பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் பார்த்துவிடுவானோ என்ற பயத்தில் அந்த நம்பரையும் அழித்துவிட்டேன். இப்போது மணி பத்து. அம்மாவே யாரிடமாவது போன் வாங்கிக் கூப்பிட்டிருப்பாளோ?

கதவைத் தட்டுகிறார்கள். அண்ணன் என்றால் 'ஏ பிள்ள' என்று கூப்பிட்டிருப்பான். அம்மா என்றால்