றுமேனியப் பாதையில் ஒருத்தி

தோர்ண்டன் ஹீத்
2.3.2024

அன்புள்ள ஜெஸ்ரின் அப்பாவுக்கு,

தங்கை சுசிலா வீட்டில் சுகமாக இருக்கிறேன். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க மாதா துணை செய்யட்டும். போனில் பேசினால் சண்டையில்தான் முடியும் என்பதால் எழுதுகிறேன்.

முன்னறைச் சுவரில் இருக்கும் கிராமத்துப் பாதைப் படத்தை அனுப்பி வையுங்கள். மேல் வீட்டு யொவானா றுமேனியாவுக்குத் திரும்பும்போது எனக்குத் தந்தது. வேறு எதுவும் வேண்டாம். டிவியும் சோபாவும் உங்களுக்கே. அவற்றோடுதானே குடும்பம் நடத்தினீர்கள்!

மரியமலர்

எட்மண்டன்
7.3.2024

அன்பின் மலருக்கு,

கோபத்திலும் உன் கையெழுத்து வடிவாகத்தான் இருக்கிறது.

சுற்றி அனுப்பத்தான் படத்தைக் கழற்றினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால், அடேயப்பா, என்ன படம்! காலமெல்லாம் இந்த லண்டனில் பஸ் ஓட்டியவனுக்கு, ஒரு வாகனம்கூட இல்லாத றோட்டைப் பார்க்க நெஞ்சு குளிர்ந்தது. மழை விட்ட மண்ணில் வண்டிச் சில்லுத் தடம், நடுவில் புல். மரநிழலுக்குப் படம் வரைந்த மனுசன் கறுப்பே பூசவில்லை, ஊதா பூசியிருக்கிறான். தள்ளி நின்று பார்த்தால் அசல் நிழல்! வளைவில் வேலிக்கட்டை என்று நினைத்தது ஒரு பெண். உனக்குத் தெரியுமா?

றெஜினோல்ட்

தோர்ண்டன் ஹீத்
12.3.2024

ஜெஸ்ரின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சுசிலாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அத்தானோ எழுதினவர்? நம்பேலாமல் கிடக்கு" என்றாள்.

நிழலின் ஊதா எனக்கே தெரியாமல் போய்விட்டது, மெச்சுகிறேன். ஆனால் அந்தப் பெண்ணை எனக்கு முதல் நாளே தெரியும். "இஞ்சருங்கோ, இதிலை ஒரு பொம்பிளை நிக்கிறா, வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டேன். டிவியைப் பார்த்தபடி "ஓம், ஓம்" என்றீர்கள். எத்தனை ஓம்! ஒரே வீட்டில் நான் இருப்பதே உங்கள் கண்ணில் படவில்லை என்றுதான் வெளிக்கிட்டு வந்தேன். படத்தை அனுப்புங்கள்.

மரியமலர்

எட்மண்டன்
16.3.2024

அன்பின் மலருக்கு,

இன்னும் அனுப்பவில்லை, ஏசாதே. டிவிக்கு முன்னால் சாய்த்து வைத்திருக்கிறேன். டிவி அதற்குப் பின்னால் கிடக்கிறது. காலையில் தேத்தண்ணியோடு இருந்து பார்க்கிறேன். வெயில் ஏற ஏறப் பாதையின் நிறம் மாறுகிறது.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. அவள் வருகிறாளா, போகிறாளா? போகிறாள் என்றால் படத்தை உடனே அனுப்பிவிடுகிறேன். நீயும் இல்லாமல் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் ஏலாது.

உன் றெஜினோல்ட்

தோர்ண்டன் ஹீத்
20.3.2024

அன்புள்ள ஜெஸ்ரின் அப்பாவுக்கு,

அவளுடைய சிவப்புத் தலைத்துணிக்குக் கீழே, கிட்டப் போய்ப் பாருங்கள். வெளிர் நிறத்தில் ஒரு பொட்டு வைத்திருக்கிறார் அந்த ஓவியர். அது முகம். போகிறவளின் முகம் நமக்கு எப்படித் தெரியும்?

படத்தை அனுப்ப வேண்டாம். வைத்த இடத்திலேயே, டிவிக்கு முன்னால் இருக்கட்டும். குருத்து ஞாயிறு பூசை முடிய வருகிறேன். சோறு மட்டும் காய்ச்சி வையுங்கள், கறி நான் கொண்டு வருவேன்.

உங்கள் மலர்