அம்மா உதறிய சட்டைகள்

அப்பா,

அம்மாவின் நுரையீரலைக் கெடுத்தது நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த வேலைச் சட்டைதான்.

கப்பல் எஞ்சின் அறையில் குழாய்களைச் சுற்றியிருந்த கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் உறையைப் பிய்த்துப் போடுவது உங்கள் வேலை. துணியை அங்கேயே துவைக்கப் போடச் சொன்னார்கள். ஏன் என்று கம்பெனி வாயைத் திறக்கவில்லை. "கண்டவன் வேர்வையோட என் சட்டையை ஊற வைக்கணுமா?" என்று சுருட்டி எடுத்துவந்தீர்கள். அம்மா குளியலறை வாசலில் நின்று வெள்ளைத் தூள் பறக்க உதறுவாள். "உங்கப்பா கப்பலுக்குப் போறாரா, மாவு மில்லுக்கா?" என்று சிரிப்பாள். மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நானும் சிரிப்பேன்.

பிறகு தொழிற்சங்கம், அந்தத் தூள் நுரையீரலைக் கெடுக்கும் என்று எழுதி நோட்டீஸ் ஒட்டியதாம். அதற்கப்புறமும் இரண்டு வருடம் கொண்டுவந்தீர்கள். உங்களோடு கப்பலில் வேலை பார்த்த வெல்டர் மாமா இப்போதுதான் சொன்னார்.

நேற்று டாக்டர், "வீட்ல யாராவது கல்நார் வேலை பாத்தாங்களாம்மா?" என்று கேட்டார்.

"யாருமில்ல சார். அவருக்கு ஆபீஸ் வேலை" என்றாள் அம்மா. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "அந்த மனுஷன் ஏற்கெனவே உடைஞ்சு போயிருக்காரு. நீ வாய மூடு" என்றாள். மூடிக்கொண்டேன். அது என் தப்பு.

உண்மை பதிவானால் மற்ற தொழிலாளிகளின் மனைவிகளையும் கூப்பிட்டுப் பரிசோதிப்பார்களாம். நான் சொன்னால் அம்மா மறுப்பாள். டாக்டர் அம்மாவை நம்பவில்லை போலும், எனக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார். அது இருக்கட்டும்.

அண்ணன் வீட்டில் ஒளிந்துகொண்டு என் போனை எடுக்காமல் இருந்தது போதும். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "துணியைக் கொண்டுவந்தது நான்தான்" என்று டாக்டரிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். வருவீர்களா?

உங்கள் மகள்