எங்கள் வீட்டு வாய்ப்புண்

பிப்ரவரி 6
நாக்கின் ஓரத்தில் மறுபடியும் புண். இன்றைக்கென்று பார்த்து நதியா மிளகு தட்டிப் போட்ட கோயில் இட்லி செய்திருந்தாள். ஒவ்வொரு மிளகும் புண்ணைத் தேடிப்போய் உட்கார்ந்தது. எதிரே மஹாவும் கண்ணில் தண்ணீரோடு மென்றுகொண்டிருந்தாள். அவளுக்கு உதட்டின் உள்பக்கம் இரண்டு. கடைசியில் இருவரும் தயிர்சாதத்துக்கு மாறினோம்.
"அப்பனுக்கும் பொண்ணுக்கும் ஒரே வாயி" என்று நதியா சிரித்தாள்.
மகள் மூக்கை அம்மாவிடம் வாங்கினாள், நிறத்தையும் அவளிடமே வாங்கினாள். என்னிடமிருந்து இதையாவது வாங்கினாளே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

பிப்ரவரி 18
வாலாஜாபாத்திலிருந்து வந்து மஹாவுக்குப் பூ வைத்துவிட்டுப் போனார்கள். பையன் விக்னேஷ், அரிசி மில்லில் மெக்கானிக். அவன் அம்மா அம்சவேணி, வாய் ஓயாத நல்ல மனுஷி. கல்யாணம் ஆவணியில். முகூர்த்தப் புடவையை நானே நெய்வதாகச் சபையில் சொல்லிவிட்டேன். அரக்கு உடல், பச்சைக் கரை, கரை முழுக்க மயில். நான் பத்தாம் வகுப்பில் இரண்டு முறை தோற்றவன் என்பதைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மார்ச் 3
முகூர்த்தப் புடவைக்குத் தறியில் பாவு நூல் ஏற்றியாயிற்று.

மார்ச் 21
மஹாவின் இடது கண் சிவந்திருக்கிறது. வெளிச்சம் பட்டால் கூசுகிறதாம். கடையில் சொட்டு மருந்து வாங்கினேன். ஊரெல்லாம் கண்வலி, இவளுக்கும் வந்திருக்கும்.

ஏப்ரல் 2
கண் அடங்கவில்லை. இங்கேயே ஒரு கண் டாக்டரிடம் காட்டினோம். "எம் மருமவள நான் பாக்காம யாரு பாக்குறது?" என்று அம்சவேணியம்மாவும் பஸ் ஏறி வந்துவிட்டார்.
டாக்டர் சின்ன வயசுக்காரர். "வாய்ல புண்ணு வருமாம்மா?" என்று கேட்டார். கண்ணுக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டேன்.
"அடிக்கடி வரும் சார்" என்றாள் மஹா.
"வீட்ல வேற யாருக்காவது? கண்ணு பிரச்சினை யாருக்காவது உண்டா?"
சம்பந்தியம்மா பக்கத்து நாற்காலியில். நான் முந்திக்கொண்டேன்: "எங்க வம்சத்துலயே கெடையாது சார். எல்லாம் இரும்பு உடம்பு."
சொல்லும்போதே நாக்குப் புண் பல்லில் உரசி உயிர் போயிற்று. மஹா திரும்பி என்னைப் பார்த்தாள்.
அப்பா மயில்வாகனத்துக்கு நாற்பத்து நாலு வயதில் இரண்டு கண்ணும் போனதையும் நான் சொல்லவில்லை. அது நோயா என்ன? சின்ன வயதிலிருந்து குழித்தறியில் உட்கார்ந்து ஜரிகையைப் பார்த்துப் பார்த்துப் போன கண். தெருவே அப்படித்தான் சொல்லும். தொழில் தின்ற கண் என்று.

ஏப்ரல் 15
சிவப்பு குறைந்திருக்கிறது. எட்டு முழம் நெய்துவிட்டேன்.

மே 11
மறுபடி சிவப்பு. மறுபடி அதே சொட்டு மருந்து. டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார். அலைச்சல், பத்திரிகை அடிக்கிற நேரம். இந்த மாதம் போகட்டும் என்றேன். நான்தான் சொன்னேன்.

மே 29
மஹா தறி பக்கம் வந்து நின்றாள். வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள்.
"கரையில மயில் போட்டிருக்கேன்னியே, எங்கப்பா?"
கையைப் பிடித்து மயிலின் மேல் வைத்தேன்.
"புகையா இருக்குதுப்பா."

ஜூன் 4
சென்னை. டாக்டர் கிரேஸ். வெகுநேரம் கண்ணைப் பார்த்தார். வாயைப் பார்த்தார். பிறகு அதே கேள்வி: வீட்டில் யாருக்காவது?
நான் தொண்டையைச் செருமினேன். மஹா முன்னால் பார்த்தபடியே சொன்னாள்: "சொல்லுப்பா. இங்க உன் சம்பந்தியம்மா இல்ல."
வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டினேன். ஐம்பது வயது ஆள், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.
அப்பா கண்ணைப் பற்றியும் சொன்னேன். தறி, ஜரிகை, எல்லாம்.
"உங்க தெருவுல எல்லாருக்குமா கண்ணு போச்சு?" என்று கேட்டார்.
எதிர் வீட்டுப் பெரியவருக்கு எழுபத்தெட்டு. இன்றும் கண்ணாடி இல்லாமல் அறுந்த இழையைப் பிணைக்கிறார். இத்தனை வருடம் தினம் பார்க்கிறேன். ஒரு நாளாவது யோசித்தேனா?

ஜூன் 5
அக்கா கிருஷ்ணம்மாளுக்குப் போன் செய்தேன். அவள் எனக்குப் பத்து வயது மூத்தவள்.
"அப்பாவுக்கு வாய்ப்புண்ணு இல்லாத மாசம் ஏதுடா? சோத்தக் கரைச்சு தான குடிப்பாரு. கண்ணு வேற செவந்துக்கினு... நீ சின்னப் புள்ள, உனுக்கு எங்க தெரியும்?"
தெரியாது. தெரிந்ததையே சொல்லாதவன்.

ஜூன் 19
எங்கள் இருவருடைய ரத்தப் பரிசோதனை முடிவும் வந்தது. நோய்க்கு பெஹ்செட் என்று பெயர், வாயில் புண்ணாக வரும், கண்ணையும் தாக்கும். எச்.எல்.ஏ. பி51 என்று ஒரு மரபணு, மஹாவுக்கு இருக்கிறது. எனக்கும் இருக்கிறது.
டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "வாய்ப்புண்ணு வர்ற எல்லாருக்கும் இது இல்ல. மரபணு இருந்தாலே நோய் வந்துடும்னும் இல்ல. உங்களுக்கு வாயோட நின்னுடுச்சு. ஆனா தாத்தாவுக்கு வாய்ப்புண்ணு, கண்ணும் போச்சு, அப்பாவுக்கும் புண்ணுன்னு ஏப்ரல்லயே தெரிஞ்சிருந்தா, அப்பவே இங்க அனுப்பியிருப்பாங்க. மாத்திரையும் அப்பவே ஆரம்பிச்சிருக்கும்."
ஏப்ரலிலிருந்து ஜூன். விரல் விட்டு எண்ணினேன். அந்தப் படிப்பு எனக்கு உண்டு.

ஜூன் 23
பாவில் ஓர் இழை அறுந்தால் அங்கேயே நிறுத்திப் பிணைக்காமல் நான் கை எடுத்ததே கிடையாது. அந்தக் கவனம் இழைக்கு மட்டும்.

ஜூன் 30
வாலாஜாபாத் போனேன். அம்சவேணியம்மாவிடம் எல்லாம் சொன்னேன், அன்று ஆஸ்பத்திரியில் சொன்ன பொய் உட்பட. திட்டுவார், தட்டைத் திருப்பித் தருவார் என்று பஸ்ஸிலேயே தயாராகிப் போயிருந்தேன்.
அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.
"எங்க வீட்டுக்காரருக்கு ஃபிட்ஸ் இருக்குது, உங்க கையில சொல்லலாமா வேணாமான்னு நான் ஒரு மாசம் தூங்கலண்ணா. நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன். அந்தப் பொண்ணு கண்ணாவது தப்பிச்சிருக்கும்."
காபி கொடுத்தார். குடித்தேன். என்ன மாதிரி இருந்தது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 14
இடது கண்ணில் போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிழல் மட்டும் தெரியும். வலது கண்ணை மாத்திரை காக்கும், விடாமல் சாப்பிட வேண்டும்.
வெளியே மரத்தடியில் நின்று நான் அழுதேன். மஹா பக்கத்தில் வந்தாள். "உங்கிட்ட இருந்து வந்ததுக்கு நான் கோவிக்கலப்பா. நீயா வெச்சிக் குடுத்த?" என்றாள். பிறகு, "சொல்லாததுக்குத்தான்."
பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

செப்டம்பர் 2
குறித்திருந்த ஆவணி முகூர்த்தம் போயிற்று. அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மஹாதான் இப்போது வேண்டாம் என்றாள். தை வரை காத்திருக்கிறேன் என்று விக்னேஷ் சொன்னானாம். அவள் பதில் சொல்லவில்லை. புடவை இரண்டு முழம் பாக்கியோடு தறியில் நிற்கிறது. மேலே பழைய வேட்டியைப் போர்த்தியிருக்கிறேன்.

அக்டோபர் 9
காலையில் இட்லி. முதல் துண்டிலேயே தெரிந்துவிட்டது, கன்னத்தின் உள்பக்கம் புதுப் புண். வழக்கம்போல விழுங்கிவிட்டு எழுந்திருக்கலாம் என்று பார்த்தேன். எழவில்லை.
"மஹா, வாய்ல புண்ணு வந்திருக்குதுமா."
நதியா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். மஹா டார்ச் எடுத்து வந்தாள்.
"ஆ காட்டு. இன்னும் பெருசா. கல்யாணச் சாப்பாடுன்னா மட்டும் தொறக்கத் தெரியுது இல்ல?"
திறந்தேன். முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொண்டு, வலது கண்ணை என் வாயருகே கொண்டுவந்து, அவள் வெகுநேரம் பார்த்தாள்.