மிச்சம் பிடித்த டீசல்

07.07.2025, திங்கள்

குளிர்பானக் கம்பனியில் முதல் கூட்டம். எழுபது லொறிகளின் டீசல் செலவைக் குறைக்க வழி சொல்வதுதான் என் வேலை. "எரிபொருள் அமானிதம் பஸ்மிலா, அல்லாஹ் நம்மள நம்பித் தந்தது, வீணாக்கப்படாது" என்று முதலாளி அச்சிமுகம்மது ஹாஜியார் என்னிடம் உருகினார். அவர் உருகி முடிக்கும் வரை கீழே அவருடைய ஜீப் ஸ்டார்ட்டிலேயே நின்றது. ஏறும்போது உள்ளே குளிர்ந்திருக்க வேண்டுமாம்.

15.07

ஒரு வாரமாக லொறிகளோடு அலைச்சல். பாண்டிருப்பில் ஒரே தெருவுக்கு மூன்று லொறி! சோடாவுக்கு ஒன்று, தண்ணீர்ப் போத்தலுக்கு ஒன்று, ஜூஸுக்கு ஒன்று. மூன்று மெனேஜர்களும் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. அதற்கு டீசல் எரிகிறது. எல்லாவற்றையும் ஒரே லொறியில் ஏற்றலாம் என்று அறிக்கை கொடுத்தேன்.

17.07

மூன்று மெனேஜர்களும் ஹாஜியாரின் மருமகன்மார். இன்றைக்குத்தான் தெரிந்தது. அறிக்கையில் அவருக்குப் பிடித்தது ஒரே வரி: ஏசியும் டீசல் குடிக்கும். ஜீப்பை நினைத்து நான் எழுதியது. எழுபது லொறிகளின் ஏசி வயரையும் வெட்டச் சொல்லிவிட்டார். 'ஆலோசகரின் பரிந்துரை' என்று என் பெயரில் அறிவித்தல்.

ஜீப்பில் வெட்டவில்லை.

24.07

டிரைவர் சுஜிந்தன் வெக்கையில் மயங்கி, சவளக்கடைப் பாதையில் லொறியை வாய்க்காலுக்குள் விட்டுவிட்டான். விலா எலும்பு முறிவு. ஆசுபத்திரிக்குப் போனேன். அவன் மனைவி கேதீஸ்வரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதானே எண்ணெய் மிச்சம் பிடிக்கிற மிஸ்?"

யா அல்லாஹ், நான் என்னத்த எழுதிக் குடுத்தன்?

25.07

"ஏசி வயரை இன்டைக்கே திரும்பப் பூட்டுங்க, இல்லாட்டி அறிவித்தல்ல இருந்து என்ட பேரை எடுங்க" என்றேன். "அவன் நித்திரை கொண்டா நான் என்ன செய்ற?" என்றார் ஹாஜியார்.

நேரே டிரைவர்மாரிடம் போனேன். அது என் பரிந்துரை இல்லை, ஏசி இல்லாமல் இந்த வெயிலில் ஓடுவது ஆபத்து என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பின்னேரமே வேலை போய்விட்டது.

28.07

காலையில் ஹாஜியாரின் போன் கோல்.

"ஒரு லொறியும் வெளிக்கிடல்ல புள்ள! சாவியெல்லாத்தையும் மேசையில போட்டுட்டு இரிக்கானுகள். என்ன செய்து வெச்சிரிக்கிறீங்க?"

"எழுபது லொறி, ஒரு சொட்டு டீசல் செலவில்ல ஹாஜியார். இதைவிடக் குறைக்க எனக்கு ஏலா."

வைத்துவிட்டார்.

16.09

இன்னொரு வேலைக்கு நேர்முகம். கல்முனையில் பஸ்ஸுக்கு நின்றேன். கச்சான் காற்று நெருப்பாய் அடித்தது. கம்பனி லொறி ஒன்று கடந்தது. லொறியின் பக்கத்தில் பெரிய பச்சை இலை வரைந்திருக்கிறார்கள், சூழலைக் காக்கிறார்களாம். ஓட்டியது சுஜிந்தன். என்னைக் கண்டு ஹோன் அடித்து, சிரித்து, ஏதோ சொன்னான். ஏசிக்காகக் கண்ணாடியை முழுக்க ஏற்றியிருந்தான் — ஒன்றும் கேட்கவில்லை.