அவள் சம்மதம் போதும்

12 நவம்பர், புதன்

விடிந்ததிலிருந்து மழை. லஸ் பக்கம் மெட்ரோ தோண்டும் சத்தத்தில் பல் கூசுகிறது. பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

காலையில் என் மகன் சுரேஷ், மருமகள் ரேவதியின் தலைமுடியைப் பிடித்துச் சமையலறைச் சுவரில் மோதினான். பிறகு இன்னொரு முறை. முதல் முறையே நான் போயிருக்க வேண்டும்.

ஏழு வாரக் கரு. அவளுக்கு வேண்டாம். அவனுக்கு வேண்டும்.

"என் புள்ளையக் கொல்லுவியா? உன்னைக் கொன்னுடுவேன்."

"கொல்லு. ரெண்டும் சேர்ந்து போகும்."

அவள் போனை மூன்றாம் மாடியிலிருந்து வீசினான். நடுவில் போனேன். என் கையை முறுக்கித் தள்ளினான். மணிக்கட்டில் வீக்கம். ஐஸ்.

பேத்தி திருவான்மியூரில், ரேவதியின் அம்மாவிடம். நல்ல வேளை.

மதியம் அவன் வேலையாகக் கோவை கிளம்பினான். ஞாயிறுதான் வருவான். ரேவதி வந்து நின்றாள். உதடு கிழிந்திருந்தது.

"மாமா, ஆஸ்பத்திரிக்குக் கூட வருவீங்களா?"

இன்னொரு பேரக்குழந்தை வேண்டும் என்று எனக்கும் ஆசை. சொல்லவில்லை. வருகிறேன் என்றேன்.

13, வியாழன்

மழை இல்லை. அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனை. எடுத்துப் போனவை: ஆதார், ஸ்கேன், குடை, தண்ணீர்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். "இன்னாம்மா, மூஞ்சி இப்டி வீங்கிகீது? யாரு, இந்தப் பெருசா அடிச்சது?" ரேவதி சிரித்துவிட்டாள். உதட்டில் மறுபடி ரத்தம்.

வரவேற்பில்: "புருஷன் கையெழுத்து வேணும் சார்."

"சட்டப்படி தேவையில்லை. பதினெட்டு வயது நிறைந்தவள். அவள் சம்மதம் போதும்." நேற்றே படித்து மனப்பாடம் செய்திருந்தேன்.

"நீங்க யாரு?"

"மாமனார்."

பின்னால் நின்ற பெண்மணி: "மாமனாரே இட்டுகினு வந்துகீறாரா? நல்லா கீது கதை." யாரோ சிரித்தார்கள். காது சுட்டது. நகரவில்லை.

டாக்டர், நடுவயதுப் பெண். என்னை வெளியே போகச் சொன்னார். "அவங்க சொல்லணும். நீங்க சொல்றது எனக்குக் கணக்கு இல்ல சார்."

கோபம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். சரிதான். அவள் உடம்பு. சுரேஷின் விருப்பம் கணக்கில் இல்லை. என் ஆசையும் இல்லை. என் ஆதரவும்கூட.

முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கினாள். மீதி சனிக்கிழமை, வீட்டில். காயங்களையும் டாக்டர் குறித்துக்கொண்டாராம்.

15, சனி

காலையில் மாத்திரை போட்டுக்கொண்டாள். வயிற்றுவலி. வெந்நீர்ப் பை, கஞ்சி. ரத்தம் அதிகமானால் அழைக்க வேண்டிய எண் என் சட்டைப் பையில்.

சுரேஷ் ஒரு நாள் முன்னதாக வந்துவிட்டான். விஷயம் எப்படியோ அவன் காதுக்கு எட்டியிருக்கிறது. உள்தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். கதவை உதைக்கிறான்.

"தொற, கிழவா. ரெண்டு பேரையும் வெட்டிப் போடுறேன்."

எதிர்வீட்டு அம்மா: "தம்பி, போலீசுக்குச் சொல்லியாச்சு."

"எவன் வரான்னு பாக்கறேன்."

கதவின் மேல்பலகை பிளந்துவிட்டது. சாப்பாட்டு மேசையை முட்டுக் கொடுத்து, அதன்மேலேயே எழுதுகிறேன். ஒவ்வொரு உதைக்கும் எழுத்து சிதறுகிறது. ரேவதி குளியலறை வாசலில் சுவரைப் பிடித்தபடி குனிந்து நிற்கிறாள்.

இப்போது உதை நின்றிருக்கிறது. அழுகிறான்.

"அப்பா, நான் உங்க புள்ளைப்பா. ஒரே ஒரு தடவ அவகிட்டப் பேசிட்டுப் போயிடறேன்."

என் கை தாழ்ப்பாள்வரை போனது. திறக்கட்டுமா என்று ரேவதியைக் கேட்டேன்.

"வேண்டாம் மாமா."

கையை எடுத்துக்கொண்டேன்.