பூநாரை தெரிகிற தூரம்

டிசம்பர் 29, ஞாயிறு. குத்தாலம்

பெட்டி கட்டியாகிவிட்டது. புதன்கிழமை திருச்சியிலிருந்து கொழும்பு. அங்கே ஒரு கார் வாடகைக்கு எடுத்து, காடு, கடல், ஊர் என்று நாங்களே ஓட்டிக்கொண்டு சுற்றுவதாகத் திட்டம். கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்துத் தேனிலவா என்று தெருவில் கேலி. "ரெண்டு பேரா போறீங்க, மூணு பேரா வாங்க" என்று அத்தை அரிவாள்மனையிலிருந்து தலை தூக்காமலே சொன்னார். அத்தான் சத்தமாகச் சிரித்தார். நான் உப்பு டப்பாவைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

எதற்காகப் போகிறோம் என்று இங்கேயாவது எழுதுகிறேன். அத்தானுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. முதலில் இருட்டில் தெரியாமல் போனது. இப்போது பக்கவாட்டில் சுருங்கி வருகிறது. குழாய் வழியாகப் பார்ப்பது போல என்கிறார். ஆவணியில் வரப்பிலிருந்து தவறி வாய்க்காலில் விழுந்தபோது, வழுக்கிவிட்டது என்று வீட்டில் சொன்னார். இன்னும் சில வருஷங்களில் அந்தக் குழாயும் அடைபட்டுவிடும். மருந்து இல்லை. அதற்குள் பார்க்க முடிந்ததையெல்லாம் பார்த்துவிடத்தான்.

சென்னை டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "அப்பா அம்மா சொந்தமா?" சாவித்திரி அத்தை தன் தாய்மாமனைத்தான் கட்டிக்கொண்டார். நான் அத்தையின் அண்ணன் மகள். தை இருபதாம் தேதி என் தம்பி இளவழகனுக்கும் அத்தானின் தங்கை பூர்ணிமாவுக்கும் கல்யாணம். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறோம் என்று இரண்டு வீட்டிலும் அத்தனை சந்தோஷம்.

இது ரத்தத்தில் வருவது, வீட்டில் எல்லோரையும் சோதியுங்கள், கல்யாணத்துக்கு நிற்பவர்களை முதலில் என்றார் டாக்டர். "கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார் அத்தான். ஐப்பசியில் சொன்னது. நானும் அன்றிலிருந்து வாய் திறக்கவில்லை.

ஜனவரி 1. நீர்கொழும்பு

சின்னக் கார், சிவப்பு. பகலில் அவர் ஓட்டுவது, பொழுது சாய்வதற்குள் ஊர் சேர்ந்துவிடுவது என்று பேச்சு. "பகல்ல எனக்கு ஒண்ணும் இல்ல லேகா." நம்பினேனா? நம்ப விரும்பினேன்.

ஜனவரி 3. வில்பத்து

காட்டுக்குள் நம் வண்டியை விடமாட்டார்கள். ஜீப் ஓட்டியவர் புத்தளத்துக்காரர், ஜாஃபர் சாதிக். தமிழ் பேசினார். நடுக்காட்டில் வானத்தைப் பிடித்து வைத்தாற்போல் ஏரிகள். கரையில் மான்கள், தண்ணீரில் முதுகு மட்டும் காட்டும் எருமைகள். நான் வெகுநேரம் எதையும் யோசிக்காமல் இருந்தேன். இந்த மாதங்களில் அது முதல் தடவை.

ஒரு வளைவில் ஜீப் நின்றது. "அந்தா சேர், மரத்துக்குக் கீழ. சிறுத்தை." அத்தான் கழுத்தை இங்கும் அங்கும் திருப்பினார். அவருடைய குழாய்க்குள் மரங்கள் மட்டும் வந்து வந்து போயின. "எங்க? எங்க?" பின்னால் நின்ற ஜீப்பில் யாரோ சிரித்தார்கள். நான் அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, மெல்லத் திருப்பி நிறுத்தினேன். "வாலு... வாலுதான் தெரியுது. ஆட்டுது பாரு." பிறகு, "மிச்சத்தை நீ சொல்லு" என்றார்.

சொன்னேன். முன்காலை நக்கிக்கொள்கிறது. ஒரு காது கிழிந்திருக்கிறது. நம்மைப் பொருட்டாகவே நினைக்கவில்லை.

"உங்க மிஸ்ஸிஸ் நல்லாக் கதை சொல்றாங்க சேர்" என்றார் ஜாஃபர் சாதிக். "அதுக்குத்தான் கட்டிக்கிட்டேன்" என்றார் அத்தான்.

ஜனவரி 4. அனுராதபுரம்

பூர்ணிமா போன் பண்ணினாள். முகூர்த்தப் புடவை மாம்பழ நிறமா, அரக்கா? பேச்சோடு பேச்சாக: "அண்ணி, இந்த மார்கழிக்கு நான் விடிஞ்சப்புறம்தான் கோலம் போடறேன். இருட்டுல வச்ச புள்ளியே தெரியமாட்டேங்குது. என் கோலத்தை நானே மிதிச்சிட்டேன். கல்யாணக் களையில சோம்பேறி ஆயிட்டேன்னு அம்மா திட்டுது." சிரித்தாள்.

அவள் வைத்தபிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். தெருவிளக்கு இருக்கிறதே வாசலில்.

அத்தானிடம் சொன்னேன். "தூக்கக் கலக்கமா இருக்கும்" என்றார்.

ஜனவரி 5. மன்னார்

காலையில் பூநாரைகள். தீவுக்குப் போகும் பாலத்துக்கு இருபுறமும் ஆழமில்லாத தண்ணீர், அதில் வெகுதூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. காரை ஓரமாக நிறுத்தினார். "லேகா, எல்லாம் தெரியுது. மொத்தமும் தெரியுது!" குழந்தை மாதிரிக் கத்தினார். தூரத்தில் இருப்பதெல்லாம் அந்தக் குழாய்க்குள் அடங்கிவிடுகிறது. பக்கத்தில் இருப்பதுதான் இல்லாமல் போகிறது. என் கையைப் பிடிக்க வந்தவர் கதவைப் பிடித்தார்.

மன்னார் தெருக்களில் கழுதைகள் யாருக்கும் சொந்தமில்லாமல் திரிகின்றன. அடிமரம் ஒரு அறை அளவு பருத்த பெருக்கமரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, நல்ல வெயிலில், ஒரு குட்டி இடப்பக்கமிருந்து நிதானமாக நடந்து வந்தது. நான் பார்த்தேன். அவரும் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே, கத்துவதற்குள் –

பின்னங்கால். எழுந்து எழுந்து விழுந்தது. தாய்க் கழுதை கொஞ்சம் தள்ளி நின்றது, கிட்ட வரவில்லை, போகவுமில்லை. கூட்டம் கூடியது. சைக்கிளிலிருந்து இறங்கிய ஒருவர், "என்ன ஐயா, கண் தெரியேல்லையோ? பட்டப்பகல்தானே!" என்றார். எல்லா ஊரிலும் எல்லோரும் திட்டுகிற திட்டு. அத்தான் ஸ்டியரிங்கை விடாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் இறங்கினேன். கழுதைகளுக்கென்று இங்கே ஒரு வைத்தியசாலை இருக்கிறதாம், ஆட்டோவில் தூக்கி வைத்தோம். என் மடியில் அதன் தலை. கண்ணிமை மயிர் எவ்வளவு நீளம். பிழைக்கும், ஆனால் நடக்காது என்றார்கள்.

ஜனவரி 6. மன்னார்

சண்டை.

நான்: இன்னிக்கே வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க. பூர்ணிமாவுக்கும் இருக்கு. உங்களுக்கும் தெரியும் இருக்குன்னு.

அவர்: "சொன்னா கல்யாணம் நிக்கும். அப்புறம் அவளை எவன் கட்டுவான்? உன் தம்பின்னா அவளை விட்டுட மாட்டான். சொந்தம். நீ என்னை விட்டுட்டா போனே?"

அப்போதுதான் கேட்டேன். ஐப்பசியிலிருந்து கேட்காத கேள்வி. நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா?

"பேரு தெரியாது."

பேரைக் கேக்கல.

"காலேஜ்லயே ராத்திரி வண்டி ஓட்டறதை விட்டுட்டேன்... என்னமோ இருக்குன்னு தெரியும். நீ மாமா பொண்ணு. விட்டுட மாட்டேன்னு தெரியும்."

எவ்வளவு படித்திருக்கிறேன். துரோகத்தைப் பற்றி எத்தனை பக்கங்கள். ஒன்றும் உதவவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும், வந்தது, ஆனால் சோற்றை அவருக்குத் தெரிகிற இடமாகப் பார்த்துத்தான் நகர்த்தி வைத்தேன். அதுதான் பயமாக இருக்கிறது. அவர் கணக்குச் சரி. பூர்ணிமாவுக்கு என் தம்பியும் இப்படித்தான் நகர்த்தி வைப்பான். கேட்காமலே அவன் தலையில் கட்டுவதா? அவளுக்குத்தான் தெரியவேண்டாமா? பிறக்கப்போகிற பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

ஜனவரி 7. திருகோணமலை

நான் ஓட்டினேன். கடல் நீலம்.

ஜனவரி 8. திருகோணமலை

அவர் மலைமேல் கோயிலில் இருந்தபோது, கீழே மான்கள் மேய்கிற மைதானத்தில் நின்று இளவழகனுக்குப் போன் செய்தேன். எல்லாம் சொன்னேன். "அக்கா... பூர்ணிமாவுக்கும் வருமா?"

வரலாம். இருக்கலாம்.

"அவகிட்ட சொன்னியா?"

இல்ல.

"ஏன்க்கா என்கிட்ட சொன்னே? அவகிட்டல்ல சொல்லியிருக்கணும். இப்ப நான் என்ன பண்ணாலும் தப்புதானே?" வைத்துவிட்டான்.

சரியாகத்தான் சொன்னான். நான் ஏன் தம்பிக்கு முதலில் போட்டேன்? அவளைப் பற்றி அவளைத் தவிர மற்றவர்களிடம் பேசியே பழகிய வீடு. நானும் அந்த வீட்டுப் பெண்தான் போலிருக்கிறது.

பொழுது சாய்வதற்குள் அப்பாவின் காதுக்குப் போய், அப்பா அத்தைக்குப் போன் செய்து, கல்யாணம் இல்லை என்று ஆகிவிட்டது. அத்தானின் போன் அடித்தது. அத்தையின் அழுகை எனக்கே கேட்டது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "ஆமாம்மா, எனக்கும்தான்" என்றார்.

என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 11. குத்தாலம்

அத்தை என்னோடு பேசுவதில்லை. சோற்றை எடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். மாடியில் துணி உலர்த்தும்போது பூர்ணிமா வந்தாள். அழவில்லை.

"என் கண்ணைப் பத்தி எனக்குத்தான் கடைசியா சொல்றீங்க, இல்ல அண்ணி?"

மன்னிச்சுக்கோ.

"அதெல்லாம் வேண்டாம். அந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

ஜனவரி 14

பொங்கல். பால் பொங்கியது. யாரும் குலவையிடவில்லை.

ஜனவரி 22. சென்னை

இருக்கிறது. ஆரம்பம்தான் என்றார் டாக்டர், நல்ல செய்தி போல.

ஜனவரி 27

வயலில் அறுப்பு மெஷின் இறங்கியிருக்கிறது. இளவழகன் யார் போனையும் எடுப்பதில்லை. பூர்ணிமா கேட்கவும் இல்லை. குழந்தை வேண்டாம் என்று அத்தானிடம் நேற்றுச் சொன்னேன். "நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார். இருந்தாரா?

பிப்ரவரி 2, தை இருபது

கல்யாணம் நடந்திருக்க வேண்டிய நாள். விடிந்ததும் பூர்ணிமா தலைவாரிக்கொண்டு வந்து நின்றாள். "இன்னிக்கு இந்த வீட்ல இருக்க முடியாது அண்ணி. எங்கயாவது போலாம். பிச்சாவரம் போலாமா? நான் பார்த்ததே இல்ல." அத்தை அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை.

நான் வண்டியை எடுத்தேன். எப்போதும் முன்னால் உட்காருகிற அத்தான் கதவைத் திறந்தார், கையால் சீட்டைத் தடவிப் பார்த்தார், பிறகு விலகி நின்றார்.

"நீ உக்காரு."

"நீங்க உக்காருங்கண்ணே, உங்களுக்குத்தான்..."

"உக்காருன்னா உக்காரு. எனக்கு வழி தெரியும்."

காரைத் தொட்டுத் தொட்டு நடந்து போய்ப் பின்னால் ஏறிக்கொண்டார். சீர்காழி தாண்டினோம். கொள்ளிடம் பாலம் வந்தபோது, "மெதுவா போங்க அண்ணி" என்றாள் பூர்ணிமா, ஆற்றிலிருந்து கண் எடுக்காமல். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. நான் மெதுவாகவே போனேன்.