யூதாஸ் நாற்காலியில் உட்கார்ந்த உனக்கு

கோயில் வாசலில் பன்னிரண்டு நாற்காலிகளைக் கழுவி வெயிலில் காயப்போட்டிருக்கிறார்கள். நாளை பெரிய வியாழன். ஆண்டவர் தம் பன்னிரண்டு சீடர்களுக்குச் செய்தபடியே, சாமியார் பன்னிரண்டு ஆம்பிளைகளை வரிசையாக உட்கார வைத்துப் பாதம் கழுவுவார். ஈரப் பலகை வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. நீ செத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. உன்மேல் எனக்கு இருக்கிற சந்தேகம் மட்டும் சாகவில்லை.

நாம் இரண்டு பேருமே அந்தப் பன்னிரண்டில் உண்டு. எனக்கு முதல் நாற்காலி, சீடர்களுக்கெல்லாம் தலைவரான இராயப்பர் இடம். சும்மா கிடைத்ததா? துறைமுகத்தில் என் கையசைப்பு இல்லாமல் ஒரு கப்பலும் கயிறு கட்டாது. கிரேக்கக் கேப்டன் ஒருவன் என்னைக் கேட்டுத்தான் நங்கூரமே இறக்குவான். படிப்பு எட்டாம் வகுப்புதான். ஆனால் எட்டை இரண்டு தரம் படித்தவன், கூட்டிப் பார்த்தால் பதினாறு வருகிறது. எனக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பார்கள்?

நீ கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போகிறவன். உட்கார்ந்ததோ கடைசி நாற்காலி. நம் தெருவில் அதற்கு யூதாஸ் நாற்காலி என்றுதான் பெயர். காட்டிக்கொடுத்தவன் இடம் என்று ஒருத்தனும் கிட்டப் போகமாட்டான். உட்கார்ந்தவன் வீட்டில் அந்த வருஷம் கல்யாணம் தட்டிப்போகும் என்று பேச்சு வேறு. நீ மட்டும் வருஷா வருஷம் நேரே போய் அதில் உட்காருவாய். ஆதாயம் இல்லாமல் ஒருத்தன் இப்படிச் செய்வானா?

ஒருநாள் மத்தியானம், கோயிலில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நானே அந்த இடத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஃபேன் காற்று எட்டவில்லை. தூண் மறைக்கிறது, வீடியோவிலும் முகம் விழாது. ஒரு ஆதாயமும் இல்லை. அதற்கப்புறம்தான் சந்தேகம் இரண்டு மடங்கானது.

அந்த வருஷம் பெரிய வியாழன் பூசை முடிந்து வெளியே வரும்போது உன்னைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏலே, உண்மையச் சொல்லு. கோயில் கமிட்டித் தலைவராகத்தான இந்த நடிப்பு?"

"தலைவராகுததுக்கு யூதாஸ் எடத்துல உக்காந்தவன நீ எங்கன பாத்த?"

"பின்ன எதுக்குல அங்கன போற?"

"யூதாஸ் காலயும் ஆண்டவரு கழுவுனாருல்லா. அவரே குனிஞ்ச எடம், எனக்கு என்ன கொறச்சல்?"

பதில் இவ்வளவு சுருக்காக வந்தால் முன்கூட்டியே தயார் பண்ணியது என்று அர்த்தம். அதையும் சொன்னேன். நீ சிரித்தாய்.

"ஒனக்குத்தான் மொத நாற்காலி கெடச்சிருக்குல்லா. பொறவு ஏம்ல என் நாற்காலியவே பாத்துக்கிட்டிருக்க?"

கப்பல் ஒன்று வருகிறது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

இன்று காலை, மணியடிக்கிற கோயில்பிள்ளை வீட்டுக்கு வந்தான்.

"அண்ணாச்சி, பதினோரு பேரு ரெடி. யூதாஸ் நாற்காலிக்குத்தான் ஒருத்தனும் வரமாட்டேங்கான். அத எடுத்துருவமா?"

யோசிக்கும் முன்னால் வாய் பேசிவிட்டது. "எடுக்காத. அதுல நான் உக்காருதேன். இராயப்பர் எடத்துக்கு வேற ஆளப் பாரு."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "உள்ள என்னமோ திட்டம் வச்சிருக்கிய அண்ணாச்சி."

நான் உன்னைப் பார்த்த அதே பார்வை. அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவன் தெரு முனை தாண்டுவதற்குள், தாழ்மையில் என்னை மிஞ்ச இந்தக் கரையில் ஆள் கிடையாது என்று பக்கத்து வீட்டில் இரண்டு பேரிடம் சொல்லியாயிற்று. சொன்ன பிறகுதான் உறைத்தது. கடைசி நாற்காலியையும் நான் முதல் நாற்காலியாக்கிவிட்டேனோ? உனக்கு மட்டும் அது எப்படிக் கடைசியாகவே இருந்தது?

துறைமுகத்தில் பெரியவன் மேலே நின்று கீழே பார்ப்பான். ஆண்டவர் குனிந்து, கால் பக்கமிருந்து பார்க்கிறார். அங்கிருந்து பார்த்தால் எவன் பெரியவனாகத் தெரிவான் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குச் சொல்லாமல் போய்விட்டாய். உன்மேல் வைத்த சந்தேகத்தை எங்கே இறக்குவது என்று தெரியாமல் நான் இன்னும் சுமக்கிறேன், இப்போது அது பாதி என்மேலேயே சாய்கிறது.

நாளைக்கு, தூணுக்குப் பின்னால் சாமியார் வந்து குனியும்போது யார் கால் என்று நினைத்து என் காலை நீட்டுவேனோ தெரியவில்லை. இராயப்பர் காலாக மட்டும் இருக்காது.